கப்பலா, வீடா? எல்லைச் சோதனையில் மடிக்கணினி

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பிரயாணியின் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டா என்று இன்று எவரும் கேட்பதில்லை. வரி கொடாத சரக்கும், தடை செய்யப்பட்ட பொருளும், நோயைச் சுமந்து வரும் பழமும் விதையும் நாட்டுக்குள் நுழையாமல் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள், அப்பொறுப்பை நிறைவேற்றும் கருவியாகிய சோதனையையும் ஒப்புக்கொண்டே தீரவேண்டும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு மடிக்கணினி இருந்து, அதிகாரி அதைக் கையில் எடுத்து, கடவுச்சொல்லைச் சொல்லும்படி கேட்கும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. பத்தாண்டுக் கடிதங்களும், வைத்தியர் கொடுத்த அறிக்கைகளும், வழக்கறிஞரிடம் மட்டும் சொன்ன ரகசியங்களும், எழுதி முடிக்காத நூலும் அடங்கிய ஒன்றை, சட்டையும் துண்டும் அடங்கிய பெட்டியோடு ஒரே தராசில் நிறுக்கலாமா என்ற கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்கள் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக விசாரித்து வருகின்றன. இவ்வழக்கத்தைப் பற்றிய விதிகளும் வாதங்களும் தீர்ப்புகளும் அங்கேதான் மிகுதியாதலால், அதன் குணதோஷங்களை ஆராய அந்நாட்டையே எடுத்துக்கொள்வது பொருந்தும்.

முதலில் ஒன்றைப் பிரித்து ஒதுக்கிவிட வேண்டும். விமானம் ஏறுமுன் நடக்கும் பாதுகாப்புச் சோதனை மடிக்கணினியை ஒரு ஜடப்பொருளாகவே பார்க்கிறது. உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்பதே அதன் கவலை. 1988இல் லாக்கர்பி ஊரின்மேல் சிதறிய விமானத்தில் ஒரு ரேடியோ கேசட் கருவிக்குள் ஒளித்த குண்டு 270 உயிர்களைக் குடித்ததையும், 2016 பிப்ரவரியில் மொகதிஷுவிலிருந்து கிளம்பிய விமானத்தில் மடிக்கணினிக்குள் மறைத்ததாகக் கருதப்படும் குண்டு வெடித்து விமானத்தின் பக்கத்தில் துளை விழுந்ததையும் அறிந்தவர் இச்சோதனையோடு சண்டையிட மாட்டார். எக்ஸ்ரே கருவி ஒருவருடைய கடிதங்களைப் படிப்பதில்லை. நம் விசாரணை, விமானம் தரையிறங்கிய பின்னர், குடியேற்ற வரிசையிலிருந்து சிலரைத் தனியே அழைத்துச் செல்லும் அந்த இரண்டாவது அறையைப் பற்றியது.

அவ்வறையில் அமர்ந்திருக்கும் அதிகாரியின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், அமெரிக்கச் சுதந்திரத்துக்கும் முந்தைய ஒரு வழக்குக்கு வந்து சேருகிறோம். பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகள், கடத்தல் சரக்கைத் தேடும் சாக்கில், யார் வீட்டிலும் எந்தக் கிடங்கிலும் நுழையலாம் என்ற பொது ஆணைகளைக் கையில் வைத்திருந்தார்கள். 1761இல் பாஸ்டன் நகரில் கூடிய நீதிமன்றத்தில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர் அவற்றை எதிர்த்துப் பல மணி நேரம் வாதாடினார். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் அந்த வாதத்தைக் கேட்டிருந்த இளைஞர் ஜான் ஆடம்ஸ் பிற்காலத்தில் அங்கேதான் சுதந்திரம் பிறந்தது என்று கருதும் அளவுக்கு அது ஊன்றி நின்றது. காரணமற்ற சோதனையைத் தடுக்கும், அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தின் வேர் இந்தச் சுங்கச் சோதனையின்மேல் எழுந்த கோபத்தில் இருக்கிறது. ஆயினும் வேடிக்கை என்னவென்றால், அந்தத் திருத்தத்தை 1789 செப்டம்பரில் முன்மொழிந்த அதே முதற் காங்கிரஸ், இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஜூலை 31ஆம் தேதி, கப்பல்களைச் சோதிக்கும் அதிகாரத்தைத் தன் சுங்க அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்தது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே மனிதர்களாதலால், எல்லைச் சோதனையை நான்காம் திருத்தம் கட்டுப்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ராம்ஸி வழக்கில் கூறியது. எல்லையில் நடக்கிறது என்ற ஒன்றே சோதனையை நியாயமாக்கப் போதும் என்பது அதன் சாரம்.

அந்த 1789ஆம் ஆண்டுச் சட்டத்தை நேரே எடுத்துப் படிப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. வரிக்குரிய சரக்கு ஒளிக்கப்பட்டிருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால்தான் கப்பலுக்குள் நுழையலாம் என்கிறது அது. சரக்கு ஒரு வீட்டிலோ கடையிலோ இருப்பதாகத் தோன்றினால், அதிகாரி நீதிபதியிடம் பிரமாணம் செய்து வாரண்டு பெற்று, பகற்பொழுதில் மட்டுமே நுழையலாம் என்கிறது. அதாவது, கப்பலுக்குச் சந்தேகம், வீட்டுக்கு வாரண்டு. எந்த மூதாதையரின் பெயரைச் சொல்லி நிபந்தனையற்ற அதிகாரம் கோரப்படுகிறதோ, அவர்களே இரண்டு இடத்திலும் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். மடிக்கணினி இவ்விரண்டில் எதற்கு ஒப்பானது என்பதே, என் அபிப்பிராயத்தில், இந்த விவகாரம் முழுவதன் கரு. 2014இல், கைதானவரின் கைபேசியைப் போலீஸார் வாரண்டு இன்றிப் பார்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்த ரைலி வழக்கில், வீடு முழுவதையும் துருவி ஆராய்ந்தாலும் கிடைக்காத அளவு விஷயம் கைபேசியில் கிடைத்துவிடும் என்ற கருத்தைப் பிரதம நீதிபதி ஜான் ராபர்ட்ஸே எழுதினார். ஆனால் அது தெருவுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் சொன்ன தீர்ப்பு, எல்லைக்குச் சொன்னதல்ல.

இவ்வழக்கத்தின் பக்கத்தில் இருக்கும் நியாயத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. குழந்தைகளைச் சீரழித்து எடுக்கப்பட்ட படங்களைச் சுமந்து வருபவன் அவற்றைக் காகிதத்தில் கொண்டுவருவதில்லை. ஏற்றுமதி தடைசெய்யப்பட்ட ஆயுத நுட்பத்தைக் கடத்துபவனும் வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவதில்லை. அரிஸோனா மாகாணத்தில் மெக்ஸிகோ எல்லையிலுள்ள லூக்வில் என்ற சிற்றூரில், 2007இல், ஒரு பிரயாணியின் மடிக்கணினிகளை அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லால் பூட்டிய கோப்புகளை அங்கே திறக்க இயலாமல், 170 மைல் தொலைவிலுள்ள டூஸானுக்குக் கொண்டுபோய் நுட்பப் பரிசோதனை செய்ததில், அழிக்கப்பட்டதாக அவர் நினைத்திருக்கக்கூடிய கொடிய படங்கள் வட்டின் ஆழத்திலிருந்து வெளிவந்தன. எல்லை என்ற ஓர் இடம் இல்லாதிருந்தால் அக்குற்றம் வெளிப்பட்டிராது என்று சர்க்கார் சொன்னால், அதை மறுக்க முடியாது.

ஆனால் அதே வழக்கைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். அந்த மனிதர் வரிசையிலிருந்து தற்செயலாகப் பொறுக்கப்பட்டவரல்லர். குழந்தைகள் சம்பந்தமான பழைய தண்டனை ஒன்று அவர் பெயருக்கு எதிரே கணினியில் எச்சரிக்கையாக நின்றது. ஆழ்ந்த பரிசோதனைக்கு நியாயமான சந்தேகம் தேவை என்று, நாட்டை வட்டங்களாகப் பிரித்து விசாரிக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் 2013இல் விதித்தபோதே, இவ்வழக்கில் அச்சந்தேகம் இருந்தது என்றும் கூறித் தண்டனைக்கு வழிவிட்டது. வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் துப்பாக்கி உறுப்புகளோடு பிடிபட்டவரின் கைபேசியைப் பரிசோதித்து 896 பக்க அறிக்கை எழுதிய வழக்கிலும், உறுப்புகள் முன்னமே பெட்டியில் அகப்பட்டிருந்தன. சந்தேகமே தேவையில்லை என்று 2018இல் துணிந்து கூறிய பதினோராம் வட்ட நீதிமன்றங்கூட, தன்முன் இருந்த வழக்கில் சந்தேகத்துக்குக் காரணம் இருந்ததென்று சேர்த்தே எழுதியது. பெரிய வழக்குகளிலெல்லாம் காரணம் இருந்திருக்குமானால், காரணம் காட்டு என்று சட்டம் கேட்பதால் சர்க்கார் இழக்கப்போவது என்ன?

எண்ணிக்கையைச் சொல்லிச் சமாதானம் கூறுவதும் இங்கே எதிராகவே திரும்புகிறது. 2024 நிதியாண்டில் சுமார் 42 கோடிப் பிரயாணிகளில் 47,047 பேருடைய கருவிகளே சோதிக்கப்பட்டன என்கிறது சுங்க, எல்லைக் காவல் இலாகா; ஒன்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான். (2016இல் இது இருபதினாயிரத்துக்கும் குறைவு என்பதை இலாகா அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.) ஒன்பதாயிரம் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பவர் ஏதோ ஒரு காரணத்தைக் கொண்டே தேர்ந்தெடுக்கிறார். அந்தக் காரணம் நல்லதாயின் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். எழுத வெட்கப்படத்தக்கதாயின், அதாவது பெயரோ நிறமோ தாடியோ பத்திரிகைத் தொழிலோ காரணமாயின், அதைத் தடுப்பதற்குத்தான் சட்டம் வேண்டும்.

இலாகா தனக்குத்தானே விதிகள் செய்துகொள்ளவில்லை என்பதல்ல. 2018 ஜனவரியில் வெளியிட்ட ஆணையில், சோதனையைச் சாதாரணம், மேம்பட்டது என்று இரண்டாக வகுத்தது. முதல் வகையில் அதிகாரி கையாலேயே திறந்து பார்க்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதில் வெளிக்கருவியை இணைத்து ஆராயவோ நகலெடுக்கவோ செய்வார். அதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் கவலையோ மேலதிகாரியின் சம்மதத்தோடு இருக்கவேண்டும். கருவியை வலையிணைப்பிலிருந்து துண்டித்து, அதிலேயே தங்கியிருப்பதை மட்டும் பார்க்கவேண்டும். வைத்துக்கொண்டால் 6051டி என்ற ரசீது கொடுத்து, சாதாரணமாக ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவின் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய விதிகள் முன்பு எவ்வாறு அனுஷ்டிக்கப்பட்டன என்பதைக் காட்டியது: வலையிணைப்பைத் துண்டிக்காமலே சில சோதனைகள் நடந்திருந்தன, பரிசோதனை மென்பொருளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறந்ததால் பல மாதங்கள் மடிக்கணினி வட்டுகளை ஆழ்ந்து ஆராயவே முடியவில்லை, தணிக்கையாளர் நேரில் பார்த்த ஐந்து நுழைவாயில்களில் மூன்றில், பிரயாணிகளிடமிருந்து எடுத்த நகல்கள் கட்டைவிரல் அளவுள்ள சேமிப்புக் குச்சிகளில் அழிக்கப்படாமலே கிடந்தன. தேசப் பாதுகாப்பின் இன்றியமையாக் கருவி என்று நீதிமன்றத்தில் போற்றப்பட்ட ஒன்றின் உரிமச் சந்தா கட்ட ஆளில்லாமற் போனதை என்னென்பது! எடுத்த நகலின் கதி பின்னர் இன்னும் கவலைக்கிடமாயிற்று. ஏறத்தாழ 2,700 அதிகாரிகள் வாரண்டு இன்றித் தேடக்கூடிய ஒரு களஞ்சியத்தில் அது பதினைந்து ஆண்டுகள் இருக்கலாம் என்பதை 2022இல் செனட்டர் ரான் வைடன் பகிரங்கப்படுத்தினார்.

சாதாரணம், மேம்பட்டது என்ற பாகுபாடே என் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றுகிறது. அந்தரங்கத்துக்கு ஏற்படும் ஊறு, பார்ப்பவர் கம்பி இணைத்தாரா விரலால் தள்ளினாரா என்பதைப் பொறுத்ததன்று. ஒரு மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே கணவன் மனைவியின் கடிதங்களைப் படித்து முடிப்பவர் சாதாரணச் சோதனைதான் செய்தார் என்றால், அச்சொல்லுக்குப் பொருளே இல்லை. இருந்தும், பதினொரு பிரயாணிகள் 2017இல் தொடுத்த வழக்கில் முதலாம் வட்ட நீதிமன்றம் 2021இல் இப்பாகுபாட்டை ஏற்றது. உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. 2023லும் 2024லும் நியூயார்க்கின் இரு மாவட்ட நீதிபதிகள், ஜெட் ராகாஃபும் நீனா மாரிஸனும், கைபேசிக்கு எல்லையிலும் வாரண்டு வேண்டும் என்று எழுதினார்கள். ஆகவே ஒரே கைபேசிக்குப் பதினோராம் வட்டத்து மயாமியில் ஒரு நீதி, ஒன்பதாம் வட்டத்து லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நீதி.

பிறநாடுகள் செய்வதை ஒரு கண்ணோட்டம் விடலாம். பிரிட்டன் தன் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி சந்தேகமே இன்றி ஒருவரை ஆறு மணி நேரம் வரை நிறுத்தி விசாரிக்கிறது. பத்திரிகையாளரின் ஆவணங்களுக்கு அதில் போதிய காப்பு இல்லை என்று 2016இல் அதன் மேல்முறையீட்டு நீதிமன்றமே குறைகூறிற்று. கனடாவில் ஆல்பெர்ட்டா நீதிமன்றம் 2020இல், கணினியையும் சரக்கு என்ற வகைக்குள் அடக்கிய பழைய சட்டம் செல்லாது என்றது. நியூஸிலாந்து கடவுச்சொல் சொல்ல மறுப்பவருக்கு 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கிறது. கடுமையானதே, ஆயினும் அதிகாரிக்கு முதலில் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதிகாரத்தையும் நிபந்தனையையும் ஒரே ஏட்டில் எழுத முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

இச்சோதனையின் பெருங்குறை ஒன்று சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. சரக்கு எல்லையைக் கடந்தே வரவேண்டும். தகவலுக்கு அந்த அவசியம் இல்லை. சூதுள்ளவன் தன் கோப்புகளை வேறொரு நாட்டுச் சேமிப்பகத்தில் ஏற்றிவைத்து, வெறுங்கணினியோடு சிரித்துக்கொண்டே வந்து, விடுதி அறையில் அவற்றை இறக்கிக்கொள்வான். பெரிய நிறுவனங்களும் சட்டத்துக்கு உட்பட்டே இதைச் செய்கின்றன. வெளிநாடு செல்லும் ஊழியர்க்கு ஒன்றும் ஏற்றாத கணினியைக் கொடுத்தனுப்புகின்றன. அகப்படுகிறவன் அசட்டையுள்ளவன், அவனோடு, ஒளிக்க ஒன்றுமில்லாததால் எல்லாவற்றையும் சுமந்து வருகிற சாதாரண மனிதனும்.

அவ்வாறு வருபவர்களில் நம்மவர் பலர். சென்னையிலிருந்து அபுதாபி வழியாக அமெரிக்கா செல்பவர், 2014 முதல் அங்கே இயங்கும் முன்சோதனை நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரியின் முன் நிற்கிறார். அட்லாண்டிக்கைத் தாண்டுமுன்னரே அவருக்கு எல்லை வந்துவிடுகிறது. கடவுச்சொல்லைத் தர மறுக்கும் அமெரிக்கப் பிரஜையின் கருவியை எடுத்து வைத்துக்கொள்ளலாமே தவிர, அவரை நாட்டுக்குள் விடாதிருக்க முடியாது. விசாவோடு வரும் பொறியாளரோ மாணவரோ மறுத்தால், திருப்பியனுப்பப்படும் சாத்தியம் கண்முன்னே நிற்கிறது. ஆகையால் அவர் மறுப்பதில்லை, அந்த மௌனம் சம்மதமாகக் கணக்கிடப்படுகிறது. 2017ஆம் ஆண்டு வழக்கைத் தொடுத்த பதினொருவரும் பிரஜைகள் அல்லது நிரந்தரவாசிகள். வைடனும் ராண்ட் பாலும் கட்சிபேதம் பாராமல் செனட்டில் அதே ஆண்டு கொண்டுவந்து இன்றுவரை சட்டமாகாத மசோதா, எல்லையில் கருவியைத் திறக்க வாரண்டு கேட்கிறது. அந்த வாரண்டையும் அது இவ்விரு வகையினருக்கு மட்டுமே கேட்கிறது.