எடைக்கு ஒரு கோடு, மற்றதற்கு ஒரு ஸ்டார்

பால்வாடிப் பிள்ளையைப் பற்றி வீட்டுக்கு வந்து சேரும் தகவல்களில் ஒழுங்கானது அதன் எடைதான். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் எடை போடுவது வழக்கமான வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஆண் குழந்தைக்கு ஒரு வரைபடம், பெண் குழந்தைக்கு ஒன்று; பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டைகள். எழுத்துத் தெரியாத பாட்டிகூடக் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

இதன் பலம் நிறத்தில் மட்டும் இல்லை. பிள்ளையைப் போன மாதத்து அதே பிள்ளையோடு வைத்துப் பார்க்கிறது. கோடு சரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் கூடவே வருகிறது: சத்துமாவு, முட்டை, தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையம். குறையும் உண்டு. நாலு பேர் நடுவில் "உங்க பாப்பா மஞ்சள்ல இருக்கு" என்று சொன்னால் அது தாயின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். வீட்டில் மாமியாருக்கு அதுவே போதும். 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் பதிவது முதலில் அரசுக்குப் போகிற கணக்கு. தாய்க்குச் சொல்வது டீச்சரின் நேரத்தையும் மனதையும் பொறுத்தது.

ஆனால் பிள்ளை என்ன கற்றது என்ற கேள்விக்கு இந்த அளவுக்குக்கூடப் பதில் இல்லை. தனியார் நர்சரிகளில் டைரி, ரேங்க் கார்டின் தம்பியாக ஒரு கிரேடு அட்டை, வாட்ஸ்அப் குழு. வாட்ஸ்அப்பை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். திருப்பூரில் ஷிப்டில் நிற்கும் அம்மாவும் துபாயில் இருக்கும் அப்பாவும் பிள்ளை ஆடுவதை அன்றைக்கே பார்த்துவிடுகிறார்கள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது. சிக்கல், படத்தில் தெரிவது என்ன என்பதுதான். கோட்டுக்கு வெளியே போகாத சிவப்பு ஆப்பிள்கள் வரிசையாக வருகின்றன. பாதியில் டீச்சரின் கை பட்டிருக்கும். பெற்றோரோ "நம்ம பையன் ஏன் ஓரத்துல நிக்கிறான்?" என்று அடுத்த பிள்ளையோடு ஒப்பிடத் தொடங்குகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு கிரேயானைப் பிடிக்கவே மறுத்தவன் இன்று அரை ஆப்பிளாவது தீட்டினான் என்ற செய்தி எங்குமே வருவதில்லை. 'வெரி குட்' என்ற ஸ்டாருக்கும் அதைச் சொல்லத் தெரியாது.

இதற்கு மாற்றாக நியூசிலாந்தில் மார்கரெட் கார் உருவாக்கிய 'கற்றல் கதை' முறையைச் சொல்வார்கள். பிள்ளை விளையாடும்போது நடந்த ஒன்றைக் கவனித்து, சிறு கதையாக எழுதிப் பெற்றோரிடம் கொடுப்பது. எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. மதிப்பெண் தொலைந்து பிள்ளை கண்ணில் படுகிறது. ஆயினும் அங்கேயே கென் பிளேக்லாக் போன்றவர்கள் எதிர்க்கேள்வி எழுப்பினார்கள்: தனித்தனிக் கதைகளை அடுக்கினால் காலப்போக்கில் வந்த மாற்றம் தெரியுமா? எழுதுபவரின் பார்வைதானே கதை? நியாயமான கேள்விகள். எல்லாமே பாராட்டாக இருந்தால், பேச்சு தாமதமாகும் பிள்ளையின் வீட்டுக்கு அதை எப்போது சொல்வது? தவிர, எடை போட்டு, சமையலைப் பார்த்து, பதிவேடும் எழுதும் அங்கன்வாடி டீச்சர் கதை எழுத உட்காரும் நேரம் எது?

எழுதவே வேண்டியதில்லை என்பது என் கட்சி. எடை போடும் நாளிலேயே, தாயைத் தனியே நிறுத்தி இரண்டு வாக்கியம் போதும்: போன மாதம் இப்படி, இந்த மாதம் இப்படி, வீட்டில் இதைச் செய்து பாருங்கள்.

பழியை டீச்சர்கள் தலையில் மட்டும் போடுவதும் சரியில்லை. 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இந்த வயதுக்குத் தேர்வே பொருந்தாது என்கிறது, பெற்றோர் கேட்பதோ "ஏ பி சி டி எழுதுறானா?" தமிழ்நாட்டில் 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியபோது, தனியார் நர்சரிக்குப் போகும் பிள்ளைகளை ஈர்ப்பதும் ஒரு நோக்கம். கேட்கிறவர்களுக்கு நோட்டில் எழுத்தைக் காட்டியாக வேண்டிய நெருக்கடி அங்கும் வரத்தான் செய்யும்.

கிரேடு அட்டைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பேச்சு ஒரே திசையில்தான் ஓடுகிறது என்பது இன்னொரு பெரிய ஓட்டை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் ஆட்டுக்குட்டியை உட்கார வைத்து டீச்சர் மாதிரியே மிரட்டும். பாட்டிக்குத் தெரிந்த அந்தச் சேதியை டீச்சர்கள் யாரும் கேட்பதில்லை. பாட்டியும் அது சொல்லத் தகுந்த விஷயம் என்று நினைப்பதில்லை.