கோஸ்த்யாவுக்கு வாடகை கிடையாது

நான் இதுவரை மூன்று நடிப்புப் பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். மூன்றிலும் முதல் நாளே ஒரே புத்தகத்தின் பேரைச் சொன்னார்கள். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் 'ஆன் ஆக்டர் பிரிப்பேர்ஸ்'. ஒரு இடத்தில் வாட்சப் குரூப்பில் அதன் பிடிஎஃப்பையும் போட்டுவிட்டார்கள். அந்தக் குரூப்பில் இருபத்திரண்டு பேர். யார் படித்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "ஃபர்ஸ்ட் சாப்டர் வரைக்கும் போனேன் ப்ரோ" என்றார் ஒருவர். சொல்லிக்கொடுத்தவரும் அதைத் தாண்டிப் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நம் ஊரில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இது ஏதோ இலக்கண நூல் என்பது போலப் பேசுவார்கள். அது இலக்கண நூல் அல்ல. ஒரு நடிப்பு மாணவனின் டைரி, கிட்டத்தட்ட நாவல். கோஸ்த்யா என்கிற பையன் நாடகப் பள்ளியில் சேர்கிறான். தோர்த்சோவ் என்ற இயக்குநர் எல்லோரையும் ஏதாவது ஒரு பாத்திரத்தை நடித்துக் காட்டச் சொல்கிறார். கோஸ்த்யா ஒத்தெல்லோவைத் தேர்ந்தெடுக்கிறான். வீட்டில் பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்து இடுப்பில் செருகி, துண்டைத் தலையில் சுற்றி, சாக்லேட்டையும் வெண்ணெயையும் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு, பல்லைக் காட்டி உறுமிப் பழகுகிறான். ராத்திரி முழுக்க இதே வேலையாக இருந்துவிட்டு மறுநாள் ஒத்திகைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குகிறான். இதைப் படித்தபோது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். என் முதல் ஆடிஷனுக்கு ரௌடி கேரக்டர் என்று சொன்னதால் மூன்று நாள் தாடியோடும் கிழித்த லுங்கியோடும் போயிருந்தேன். அங்கே இருந்த பதினேழு பேரும் அதே தாடி, அதே லுங்கி.

புத்தகத்தின் மிகச் சிறந்த இடம் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் நகை ஊசிப் பயிற்சி. மரியா என்ற மாணவியிடம் தோர்த்சோவ் ஒரு கதை சொல்கிறார். உன் அம்மாவுக்கு வேலை போய்விட்டது, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டப் பணமில்லை, நாளைக்கு நீ பள்ளியை விட்டுப் போயாக வேண்டும். ஒரு தோழி தன் கல் வைத்த நகை ஊசியை விற்றுக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறாள், அதைத் திரைச்சீலை மடிப்பில் குத்தி வைத்தவள் சொல்லாமல் போய்விட்டாள், இப்போது கண்டுபிடி. மரியா மேடைக்கு ஓடுகிறாள், தலையில் கை வைக்கிறாள், திரையைப் பிடித்து உலுக்குகிறாள், துடிக்கிறாள். இறங்கி வரும்போது முகமெல்லாம் பூரிப்பு, பிரமாதமாகச் செய்துவிட்டோம் என்று. தோர்த்சோவ் கேட்கிறார், சரி, நகை ஊசி எங்கே? அதைத் தேடவே மறந்துபோயிருந்தாள். அப்புறம் அவர் சொல்கிறார்: போய்த் தேடு, கிடைக்காவிட்டால் நீ நிஜமாகவே இந்தப் பள்ளியில் இருக்க முடியாது. இப்போது மரியா மடிப்பு மடிப்பாக, நிதானமாக, முகத்தில் எந்த நாடகமும் இல்லாமல் தேடுகிறாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. அவளுக்கோ தான் நடித்ததாகவே தோன்றவில்லை.

நடிப்பு பற்றி எழுதப்பட்டதில் இதைவிடத் தெளிவான இரண்டு பக்கங்களை நான் படித்ததில்லை. ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. இந்தப் பெரிய புத்தகத்தில் பணம் என்ற விஷயம் என் மனதில் நிற்கும்படி வருவது இந்த ஒரு இடத்தில்தான், அதுவும் கற்பனைச் சூழ்நிலையாக. கோஸ்த்யா எங்கே தங்கியிருக்கிறான், வாடகை எவ்வளவு, பள்ளி முடிந்தபின் சோற்றுக்கு என்ன செய்வான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க அவசியமும் இல்லை. பள்ளிக்குப் பின்னால் ஒரு நாடகக் குழு இருக்கிறது. தேறினால் மேடை. ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தான்சென்கோவும் 1898-இல் தொடங்கிய மாஸ்கோ ஆர்ட் தியேட்டர்தான் அதன் முன்மாதிரி. ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வசதியான தொழிலதிபர் வீட்டுப் பிள்ளை. குடும்பத்துக்குத் தங்கச் சரிகைத் தொழிற்சாலை இருந்தது. புரட்சியில் அதெல்லாம் போனது. பிறகு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது காசநோயில் கிடந்த மகனின் வைத்தியத்துக்குப் பணம் தேவைப்பட்டதால்தான் 'மை லைஃப் இன் ஆர்ட்' என்ற சுயசரிதையை அவசர அவசரமாக எழுதினார், 1924-இல் முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. பணத்தின் நெருக்கடி அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் கோஸ்த்யாவின் டைரிக்குள் அதை அவர் அனுமதிக்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் எழுதியது குழு உள்ளவர்களுக்கான புத்தகம். நாம் அதைக் குழு இல்லாதவர்களுக்கு, பத்து நாளில், பதினெட்டாயிரம் ரூபாய்க்கு, ஜிஎஸ்டி தனி என்று விற்கிறோம். கோளாறு அங்கே தொடங்குகிறது.

நான் போன இரண்டாவது பட்டறையின் ஆறாம் நாள் 'எமோஷனல் மெமரி'. விளக்கை அணைத்தார்கள். யோகா பாயில் படுக்கச் சொன்னார்கள். உங்கள் வாழ்க்கையில் நடந்த மிக மோசமான சாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் பயிற்சியாளர். பின்னணியில் வயலின். நான் என் அப்பத்தாவை நினைத்தேன். அருப்புக்கோட்டை வீட்டுத் திண்ணையில், கடைசி மூன்று மாதம், என்னை அப்பாவின் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்கும். கொண்டுபோய்க் கொடுத்தால் "நீ குடிச்சியாய்யா" என்று கேட்கும். ஐந்து நிமிடத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள். விளக்கைப் போட்டு, கைத்தட்டி, "இதுதான் மெத்தட்" என்றார். அன்று ராத்திரி ரூமுக்குப் போய் நண்பனிடம், நான் நடிகன் ஆயிட்டேன்டா என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து சாலிகிராமத்தில் ஒரு ஆடிஷன். மாடிப் படியில் நாற்பது பேர். உள்ளே போனதும் பேர், உயரம், இடது புரொஃபைல், வலது புரொஃபைல். அப்புறம் ஒரு உதவி இயக்குநர், பாவம் அவருக்கும் காலையிலிருந்து சாப்பாடு இல்லை, "அழுங்க" என்றார். நான் அப்பத்தாவைக் கூப்பிட்டேன். திண்ணை வந்தது. சொம்பு வந்தது. அழுகை வரவில்லை. இன்னும் அழுத்தி, அதன் கடைசி நாளை, வாய் திறந்து கிடந்த கோலத்தை இழுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் வரவில்லை. "தேங்க்யூ, சொல்றோம்" என்றார்கள். வேடம் கிடைக்காதது பெரிதில்லை. இப்போது அப்பத்தாவை நினைத்தால் கூடவே அந்த அறையின் ரிங் லைட்டும் வருகிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை. பதினெட்டாயிரத்தைக்கூடத் திரும்பச் சம்பாதித்துவிடலாம்.

இதற்குப் பிறகுதான் ஒன்பதாம் அத்தியாயத்தை ஒழுங்காகப் படித்தேன். உணர்ச்சி நினைவு பற்றிய அத்தியாயம். கோஸ்த்யா தெருவில் டிராமில் அடிபட்டுச் செத்த ஒரு பிச்சைக்காரரைப் பார்க்கிறான். அந்தக் காட்சி நாளாக நாளாக அவனுக்குள் எப்படி நிறம் மாறுகிறது என்று கவனிக்கிறான். கடைசியில் அந்தச் சாவைவிட அவனை உலுக்குவது எப்போதோ பார்த்த வேறொரு காட்சி. நடைபாதையில் ஒரு இத்தாலியர் செத்துப்போன தன் குரங்கின் வாயில் ஆரஞ்சுத் தோலைத் திணிக்கப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. ஆக, நினைவு நாம் சொன்ன வேலையைச் செய்யாது. எது எப்போது எதோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. உணர்ச்சியை நேராகப் பிடித்துப் பிழியக் கூடாது, அதற்குத் தூண்டில் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதைத்தான் தோர்த்சோவ் விதவிதமாகச் சொல்கிறார். விளக்கு, மேடைப் பொருட்கள், செய்கை எல்லாமே தூண்டில்கள். என் பட்டறையில் தூண்டில் இல்லை, நேராகக் குளத்தை இறைத்தார்கள்.

இந்தக் குளறுபடிக்கு ஒரு வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923-24 வாக்கில் மாஸ்கோ குழு அமெரிக்காவில் ஆடியது. போலஸ்லாவ்ஸ்கி, மரியா உஸ்பென்ஸ்கயா போன்றவர்கள் அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களிடம் கற்ற லீ ஸ்ட்ராஸ்பெர்க் உணர்ச்சி நினைவைத் தன் பயிற்சியின் நடுத்தூண் ஆக்கினார். 1934-இல் ஸ்டெல்லா அட்லர் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்துச் சில வாரங்கள் கற்றார். திரும்பிவந்து, கிழவர் இப்போது சூழ்நிலைக்கும் செய்கைக்கும்தான் முதலிடம் தருகிறார் என்றார். ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை. புத்தகமும் இதற்கு உதவவில்லை. அகப் பயிற்சியைச் சொல்லும் முதல் பாதி ஆங்கிலத்தில் 1936-இல் வந்தது. உடல், குரல் பற்றிய இரண்டாம் பாதி 1949-இல்தான் வந்தது. பதின்மூன்று வருஷம் பாதி மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு வைத்தியம் நடந்தது. நம் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தப் பாதிச் சீட்டின் ஜெராக்ஸ்.

அப்படியானால் நமக்கென்று பயிற்சி மரபு இல்லையா? இருந்தது. அவ்வை தி.க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யை இந்தப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். ஆறு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்த பையனின் கதை அது. பாய்ஸ் கம்பெனியில் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு, அடியும் உண்டு. பாட்டும் வசனமும் நெட்டுருப் போட்டாக வேண்டும். இன்று ராஜபார்ட் ஆடியவன் நாளைக்குக் குரல் உடைந்தால் என்ன ஆவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன், குழந்தைகளின் உழைப்பில் ஓடிய வண்டி அது. ஆனால் அங்கேயும் பயிற்சி என்பது ஆட்டத்தோடு ஒட்டியது. காலையில் கற்றதை ராத்திரி ஜனங்கள் முன்னால் ஆடியாக வேண்டும். சரியில்லை என்றால் ஜனமே சொல்லிவிடும். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் அந்த வகைதான். பசுபதியும் கலைராணியும் குரு சோமசுந்தரமும் அங்கிருந்து வந்தார்கள் என்றால், பத்து நாளில் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வரவில்லை. வருஷக்கணக்கில் அங்கே கிடந்தார்கள்.

கடைசி நாளன்று என் பட்டறையில் ஒரு செஷன் இருந்தது, 'கேரியர் பிளானிங்'. போர்டில் எழுதினார்கள். போர்ட்ஃபோலியோ ஷூட், அறிமுக வீடியோ, வாரம் மூன்று ரீல்ஸ், நெட்வொர்க், இரண்டு வருஷ டார்கெட். போர்ட்ஃபோலியோவுக்கு அவர்களே ஒரு போட்டோகிராபரையும் வைத்திருந்தார்கள், பட்டறை மாணவர்களுக்குத் தள்ளுபடி. அப்புறம் தவறாமல் விஜய் சேதுபதி கதை. கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதியவர் இன்று எங்கே இருக்கிறார் பாருங்கள்! எல்லோருக்கும் சிலிர்த்தது. எனக்கும்தான். அந்தக் கதையில் ஒரு சின்ன வார்த்தையை எல்லோரும் தாண்டிப் போகிறோம். கணக்கு எழுதினார். அதாவது, சம்பளம் வாங்கினார். அதற்கு முன் துபாயிலும் கணக்கு வேலைதான். 'புதுப்பேட்டை'யில் சின்ன வேடம் 2006-இல், 'தென்மேற்குப் பருவக்காற்று' 2010-இல். நடுவில் உள்ள வருஷங்களை எந்தப் போர்டிலும் யாரும் எழுதுவதில்லை, அதை எழுதினால் அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேராது.

சரி, நீ என்ன பிளான் வைத்திருக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறார். "எப்பய்யா முடிவு பண்ணுவ? உன் வயசுல எனக்கு நீ பொறந்துட்ட." எனக்கு இருபத்தொன்பது. பெருங்குடியில் நைட் ஷிப்ட். முதல் பட்டறை முடிந்ததும் வேலையை விடுவதாக இருந்தேன், இரண்டாவதில் விட்டே விட்டேன், நாலு மாதத்தில் நண்பன் காலில் விழாத குறையாகத் திரும்பச் சேர்ந்தேன். மூன்றாவது பட்டறை கொஞ்சம் நல்ல மாதிரி. அங்கே யாரையும் அழ வைக்கவில்லை. ஐந்து நாளும் ஒரு நாற்காலியைத் தூக்கி வைப்பது, கதவைத் திறப்பது, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்பது, இவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னார்: "இங்க கத்துக்கிட்டு நேரா சினிமாவுக்குப் போயிடலாம்னு நினைச்சா பாதிக் காசைத் திருப்பித் தந்துடறேன், இப்பவே போயிடுங்க." இரண்டு பேர் எழுந்து போனார்கள். இப்போது அவர் குழுவோடு சனி, ஞாயிறு ஒத்திகைக்குப் போகிறேன். காசு கிடையாது, டீ உண்டு. வருஷத்துக்கு ஏழெட்டு ஆட்டம், முப்பது நாற்பது பேர் பார்க்க வருவார்கள். இதைக் கேரியர் என்று அப்பாவிடம் சொன்னால் போனை வைத்துவிடுவார்.

போன மாதம் ஒரு ஷார்ட் ஃபிலிம். மூன்றாவது பட்டறையில் கூட இருந்த பையன்தான் இயக்கம். எனக்கு ஒரே சீன். கேஸ் ஆபீஸுக்குக் கொண்டுபோக வேண்டிய புத்தகத்தை வீடு முழுக்கத் தேட வேண்டும், கிடைக்காது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், நம்ம மரியா சீன்! கலை இயக்கம் பார்த்த பெண்ணிடம், புத்தகத்தை நிஜமாகவே எங்கேயாவது ஒளித்து வை, எங்கே என்று என்னிடம் சொல்லாதே என்றேன். டேக். அலமாரி இழுப்பறை ஒவ்வொன்றாக, ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கேமரா இருப்பதே மறந்துபோனது. கட் என்றதும் திரும்பிப் பார்த்தேன்.

இயக்குநர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். "ப்ரோ, ஒன்னுமே பண்ணலையே ப்ரோ. தேடுறது ஆடியன்ஸுக்குத் தெரியணும்ல? கொஞ்சம் டென்ஷன் குடுங்க."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வந்துவிடுவார். இரண்டாவது டேக்கில் தலையில் கை வைத்தேன், இழுப்பறையைப் பிடுங்கி உலுக்கினேன், மூச்சு வாங்கினேன். யூனிட்டே கைத்தட்டியது. படத்தில் அதுதான் இருக்கிறது. அப்பா பார்த்துவிட்டு, பரவாயில்லை, நல்லா பண்ணியிருக்க என்றார். கேஸ் புத்தகத்தை அந்தப் பெண் எங்கே வைத்தாள் என்று கேட்க மறந்துவிட்டேன்.