ஓநாய்க்கு எந்தப் பாட்டு?

கதைக்குப் பாட்டு சேர்ப்பது என்றதும் நமக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். சோகக் காட்சிக்கு ஷெனாய், பேய் வந்தால் வயலின்களின் கிறீச்சு. ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவரிடம் ‘இது அழுகிற இடம்’ என்று சொல்லித் தரும் வேலை. சிறுகதைத் தொகுப்பை வைத்துக்கொண்டு கதைக்கொரு பாட்டு தேடுகிறவர்களும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறார்கள். இருட்டுக் கதையா, இருட்டாக ஒரு பாட்டு. எனக்கு அது ருசிப்பதில்லை. கதை யாரைப் பேசவிடவில்லையோ, எந்த முடிவைத் தர மறுத்ததோ, அதைக் கொண்டுவரும் பாட்டுதான் அந்தக் கதைக்குச் சரியான ஜோடி. இரண்டும் கொஞ்சம் சண்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்த விளையாட்டுக்கு ஏஞ்சலா கார்ட்டரின் ‘தி பிளடி சேம்பர்’ அளவுக்கு இடம் கொடுக்கிற புத்தகம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1979இல் வந்த தொகுப்பு, பத்துக் கதைகள். நீலத்தாடிக்காரன், அழகியும் மிருகமும், சிவப்புத் தொப்பிச் சிறுமி, பூட்ஸ் போட்ட பூனை எனப் பாட்டிமார் சொன்ன கதைகளையெல்லாம் உடைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் ஷார்ல் பெரோவின் தேவதைக் கதைகளைப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்திருந்தார். அது பலருக்கும் தெரியும். அவர் ஒரு பாடகி என்பது அவ்வளவாகத் தெரியாது. 1960களில் பிரிஸ்டல் நகரில் அவரும் அன்றைய கணவர் பால் கார்ட்டரும் நாட்டுப்புறப் பாடல் மன்றம் நடத்தினார்கள். ஏஞ்சலா கான்சர்டினா வாசித்துப் பாடியிருக்கிறார், இசைத்தட்டு உறைகளுக்குக் குறிப்பும் எழுதியிருக்கிறார். அவருடைய கதைகளில் பாட்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து நாம் ஒன்றைக் கொண்டுபோனால் அது உள்ளே இருப்பதோடு எப்படிப் பழகுகிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

நீலத்தாடிக்காரனை மாற்றிக் கட்டிய தலைப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். கதை சொல்லும் பதினேழு வயதுப் பெண் பியானோ கலைஞர். கல்யாணத்துக்கு முந்தைய இரவு, அவளை மணக்கப் போகும் மார்க்கி அவளை வாக்னரின் ‘டிரிஸ்டன்’ ஓபராவுக்கு அழைத்துப் போகிறான். அவள் கழுத்தில் அவன் தந்த மாணிக்கப் பட்டை, வெட்டிய கழுத்துபோலச் சிவப்பாக. அவனுடைய முதல் மனைவி ஓபரா பாடகி. அதே ஓபராவின் நாயகி இசோல்டாக அவர் பாடியதை இவள் சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறாள். கோட்டையின் ரகசிய அறையில் பதனம் செய்து கிடத்தப்பட்டிருப்பது அதே பாடகியின் உடல். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் பாடிய இசோல்டின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள் (ஃபுர்ட்வெங்லர் நடத்திய 1952 பதிவு). ஓபராவின் தொடக்கத்தில் தீராமல் தொங்கவிட்ட சுரக்கட்டு பல மணி நேரம் கழித்து இங்கேதான் தீர்கிறது. தனியாகக் கேட்டால் அது சுகம். கதையைப் படித்துவிட்டுக் கேட்டால், காதலும் சாவும் ஒன்று என்று இத்தனை இனிமையாகச் சொல்லப்படுவது யாருக்கு வசதி என்ற கேள்வி எழும். மார்க்கிக்குத்தான்.

ஆனால் ‘டிரிஸ்டன்’ கார்ட்டரே வைத்தது. என் பங்குக்கு நான் சேர்ப்பது பார்டோக்கின் ‘நீலத்தாடியின் கோட்டை’. 1911இல் எழுதி, 1918இல் புடாபெஸ்ட்டில் மேடையேறிய ஓபரா. ஒரே அங்கம், சுமார் ஒரு மணி நேரம், பாடுகிறவர்கள் இரண்டே பேர். நீலத்தாடியின் புது மனைவி ஜூடித் ஏழு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்கிறாள். ஐந்தாவது கதவு திறந்ததும் ஆர்கனோடு சேர்ந்து முழு ஆர்கெஸ்ட்ராவும் சி மேஜரில் வெடிக்கிறது. அவன் ராஜ்யம் முழுவதும் கண்முன் விரிகிறது. கேட்கிற நமக்கே எழுந்து நிற்கத் தோன்றும். ஜூடித் என்ன செய்கிறாள்? உன் நாடு அழகாகவும் பெரிதாகவும் இருக்கிறது என்ற பொருளில், பக்கவாத்தியமே இல்லாமல், உணர்ச்சியற்ற சின்னக் குரலில் ஒரு வரி பாடிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். இத்தனை பெரிய ராஜ்யத்தைப் பார்த்த ஒரு பெண்ணின் குரல் இப்படி வறண்டுபோக முடியும் என்று வேறெந்த இசையும் எனக்குக் காட்டியதில்லை.

ஏழாவது கதவுக்குப் பின்னால் முந்தைய மனைவியர் மூவரும் உயிரோடு நிற்கிறார்கள். ஜூடித் நான்காமவளாகப் போய்ச் சேர்ந்துகொள்ள, கதவு மூடுகிறது. கார்ட்டரிலும் முந்தைய மனைவியர் மூவர்தான், இவள் நான்காமவள். ஆனால் இங்கே மூவரும் பிணங்கள். நான்காமவளைக் காப்பாற்றக் குதிரையில் பறந்து வருகிறாள் அவளைப் பெற்ற தாய், இறந்துபோன கணவனின் கைத்துப்பாக்கியோடு. பார்டோக்கின் ஜூடித்துக்கு அப்படி ஒரு தாய் இல்லை. ஓபராவை முதலில் கேட்டுவிட்டுக் கதைக்குள் போங்கள். அந்தத் துப்பாக்கிச் சத்தம் ஜூடித்துக்காகவும் சேர்த்து ஒலிக்கும்.

ஒரு நடைமுறை விஷயம்: படிக்கும்போது பாட்டை ஓடவிடாதீர்கள். ஒன்று முன்னால், அல்லது பின்னால். கார்ட்டரின் வாக்கியம் ஒவ்வொன்றும் நகை போட்டுக்கொண்டு வருவது. அதற்கே காது தேவை.

அழகி–மிருகம் கதையை அவர் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். சாதுவான முதல் வடிவத்துக்கு, மிஸ்டர் லயனின் கதைக்கு, ராவெலின் ‘மா மேர் லுவா’ தொகுப்பில் வரும் அழகி–மிருக உரையாடல் போதும். 1910இல் குழந்தைகள் நாலு கையால் வாசிக்க எழுதி, அடுத்த ஆண்டே ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். அழகிக்குக் கிளாரினெட், மிருகத்துக்கு அடிவயிற்றிலிருந்து உறுமும் கான்ட்ராபசூன். கடைசியில் ஹார்ப் ஒரு வழுக்கு வழுக்கும். உறுமல் மறைந்து, அதே மெட்டு தனி வயலினில் உச்சியில் மிதக்கும். மிருகம் இளவரசனாகிவிட்டது. இரண்டாவது கதையான ‘புலியின் மணமகள்’ படித்தவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அதில் சீட்டாட்டத்தில் தகப்பன் தோற்றுக்கொடுத்த பெண்ணின் தோலைப் புலி நக்க நக்க, உள்ளிருந்து மயிர் அடர்ந்த பளபளப்பு வெளிவருகிறது. மனுஷிதான் மிருகமாகிறாள். அதற்கு பியர்க்கின் ‘ஹன்டர்’, 1997இல் வந்த ‘ஹோமோஜெனிக்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. விடாமல் அடிக்கும் அந்த டிரம்முக்கு மேல் குரல் அவசரப்படாமல் நடக்கிறது. அந்தப் பாட்டின் வீடியோவில் பியர்க் பனிக்கரடியாக மாறுவது தற்செயல் பொருத்தம். பார்க்காமல் கேட்டாலும் பாட்டு பொருந்தும்.

பூட்ஸ் போட்ட பூனையின் பெயரே ஃபிகாரோ. அந்தப் பெயருக்குப் பாட்டமைத்த ரோசினியைப் போட்டுவிட்டு மேலே போகலாம்.

‘எர்ல்கிங்’ கதையில்தான் பலரும் வழுக்குகிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் கை ஷூபர்ட்டுக்குப் போகும். பதினெட்டு வயதில் அவர் கதேயின் கவிதைக்கு அமைத்த பாட்டு; ஒரே பாடகர் நான்கு குரலில் பாட வேண்டும், பியானோவில் குதிரைக் குளம்பு நிற்காமல் ஓடும். மகத்தானதுதான், இந்தக் கதைக்கு உதவாது. அதில் எர்ல்கிங் என்ற வனராஜன் குழந்தையைக் கொண்டுபோகிறான். கார்ட்டரின் வனராஜன் பெண்களைப் பறவைகளாக்கிக் கூண்டில் வைத்திருக்கிறான். அவன் சுவரில் நரம்பறுந்த பழைய ஃபிடில் ஒன்று தொங்குகிறது. அவனுடைய நீளமுடியாலேயே அவன் கழுத்தை நெரிப்பேன், கூண்டுகளைத் திறப்பேன், அந்த முடியை ஃபிடிலுக்கு நரம்பாகக் கட்டுவேன் என்று போகிறது அவனிடம் சிக்கிய பெண் சொல்லும் கதை. எல்லாமே இனிமேல் நடக்கப் போவதாக. யாரும் தொடாமலே அந்த ஃபிடில் வாசிக்கும், கொன்றவளை நோக்கிக் கூவும்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டு கேட்டவர்களுக்கு அந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும். சைல்ட் என்பவர் தொகுத்த கதைப்பாட்டுகளில் பத்தாவதான ‘இரண்டு சகோதரிகள்’. காதல் பொறாமையில் அக்கா தங்கையைத் தண்ணீரில் தள்ளுகிறாள். கரை ஒதுங்கிய உடலின் மார்பெலும்பில் வாத்தியம் செய்து, தங்கையின் முடியையே நரம்பாக்குகிறார்கள் பாணர்கள். அக்காவின் கல்யாணத்தில் அது தானாகப் பாடி உண்மையைச் சொல்கிறது. பென்டாங்கிள் குழு 1970இல் ‘க்ரூயல் சிஸ்டர்’ என்ற பெயரில் பதிவு செய்தது, ஏழு நிமிடம். ஜாக்கி மெக்‌ஷீயின் குரலில் கண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. செய்தி வாசிப்பதுபோல் கொலையைப் பாடிக்கொண்டு போகிறார், பின்னால் ஜான் ரென்பர்னின் சிதார். இதைக் கதைக்குப் பிறகுதான் கேட்க வேண்டும். பாட்டில் வாத்தியம் பேசுவது செத்தவளின் நியாயம். கதையில் அதே வாத்தியத்துக்குள் இருப்பவன் சிறைபிடித்தவன். அவன் குற்றம்சாட்டுவது தப்பிக்க நினைத்தவளை. பாட்டு முடியும்போது, அதுவரை அவள் பக்கம் நின்ற நமக்கு ஒரு கணம் கால் தடுமாறுகிறது. அவளும் கொலைகாரிதானா? கார்ட்டர் அதற்குப் பதில் சொல்வதில்லை.

ரத்தக்காட்டேரிச் சீமாட்டியின் கதையில் ஒரு வானம்பாடி கூண்டில் இருக்கிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் சைக்கிளில் வரும் ஓர் ஆங்கில இளைஞன், கதை முடியும்போது பிரான்ஸின் போர்முனைக்குப் போகிறான். வான் வில்லியம்ஸின் ‘தி லார்க் அசெண்டிங்’ எழுதப்பட்டது 1914இல். போரில் கிடப்பில் போய், 1920 டிசம்பரில் பிரிஸ்டலை ஒட்டிய ஷயர்ஹாம்ப்டனில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வானம்பாடி மேலே மேலே போகிறது. அந்த இளைஞன் திரும்பி வருவானா என்று கதை சொல்லாததை அந்த வயலினும் சொல்வதில்லை. ‘பனிக்குழந்தை’க்கு எதையும் சேர்க்காதீர்கள். ஒன்றரைப் பக்கக் குரூரம், அதற்கு மௌனமே போதும்.

‘ஓநாய்களின் கூட்டத்தில்’ கதைக்கு நான் சொல்லப் போவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம்: சாம் தி ஷாம் குழுவின் 1966 ஹிட் ‘லில் ரெட் ரைடிங் ஹூட்’. ஊளையில் ஆரம்பித்து, ஓநாய் சிறுமியிடம் குழைந்து வழியும் பாட்டு. முழுக்க அவன் பக்கப் பேச்சு, அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. அதைக் கேட்ட கையோடு படியுங்கள். கார்ட்டரின் சிறுமி ஓநாயின் முகத்துக்கு நேரே சிரிக்கும் சிரிப்பு, பதிமூன்று ஆண்டு கழித்து அந்தப் பாட்டுக்கு வந்த பதிலாகவே கேட்கும்.

கடைசிக் கதை ‘உல்ஃப்-ஆலிஸ்’. லண்டனில் ஒரு ராக் குழு இந்தப் பெயரையே வைத்துக்கொண்டு 2018இல் மெர்குரி பரிசும் வாங்கியது. நல்ல குழு. ஆனாலும் ஓநாய்கள் வளர்த்த, பேச்சே வராத பெண்ணுக்கு வரிகள் உள்ள பாட்டு எதற்கு? மெரிடித் மங்கின் ‘டால்மன் மியூசிக்’ (1981) ஆல்பத்தைத் திறக்கும் ‘கோதம் லல்லபை’தான் என் தேர்வு. பியானோவின் சின்னச் சுற்றல், அதன்மேல் சொல்லே இல்லாத ஒரு குரல். தாலாட்டா, ஊளையா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.