முறுக்கேறாத ஒயர்

பெருங்குடியில் எங்கள் தெருவில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கிடங்கு இருக்கிறது. 2024இல் ‘கட்சி சேர’ பாடல் இளம் பாடகர் சாய் அபயங்கரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, தங்கள் பெயரிலேயே ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் ஆசை பல இளசுகளுக்கு வந்திருக்கிறது. சந்தோஷமான விஷயம். என் கண் மட்டும் அந்தக் கச்சேரிகள் முடிந்ததும் மைக் ஒயர் சுற்றும் கிடங்குத் தம்பிகளின் விரல்களிலேயே நிற்கிறது.

முழங்கையில் சுற்றவே மாட்டார்கள். ஒரு வளையம் நேராக. அடுத்தது மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக. மாற்றி மாற்றி விழுவதால் முறுக்கு ஏறாது. வியர்வையில் லேசாகப் பிசுபிசுக்கும் கறுப்பு ரப்பர் ‘சப், சப்’ என்று உள்ளங்கையில் வந்து படியும். ஒயர் முரண்டு பிடித்தால் வெடுக்கென்று இழுப்பதில்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல உருட்டி அதன் போக்குக்கே கொண்டுவந்துவிடும். நடுநிசி, லாரி காத்திருக்கிறது, விடிந்தால் கோவை. ஆனாலும் அந்த நிதானம் குறைவதில்லை. மறுநாள் ஒரு முனையைப் பிடித்து வீசினால் முடிச்சில்லாமல் மேடை முழுக்க ஓடும். உள்ளிருக்கும் செம்புக் கம்பி நோகாததால், முதல் முறை தனியாக மேடையேறும் பெண்ணின் மெல்லிய சுருதியில் கரகரப்பு கலக்காது. அடுத்த கச்சேரி முடிந்ததும் பார்க்கிங்குக்கு ஓடாதீர்கள். மேடையோரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.