கல்லும் தாழியும் ஒரு பாட்டும்

கேகாலை மாவட்டத்தின் பதவிகம்பொலவில் ஒரு கல்திட்டை இருக்கிறது. நிமிர்த்தி வைத்த கற்களின் மேல் ஒரு பெரிய பலகைக்கல். அதன் படத்தை வகுப்பில் காட்டி, "இது எதுக்குப் பிள்ளைகள்?" என்று கேட்டேன். "மழைக்கு ஒதுங்க", "சாமி வைக்க" என்றார்கள். பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "யாரையாவது பொதைச்சிருப்பாங்க சேர். எங்க தாத்தாவோட குழி மேல இப்ப தேயிலை நிக்குது. கல்லு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பெருங்கற்காலம் பற்றி நம்மவர் எழுதுவதில் எனக்குள்ள குறை இதுதான். "இது யாருடையது, தமிழருடையதா சிங்களவருடையதா?" என்று அடிபடுகிறோம். அந்தப் பிள்ளை கேட்ட இடத்துக்கு வருவதில்லை.

தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில், பலகைக்கற்களால் அடைத்த கல்லறைகளுக்குள் தாழிகளும் எரித்த சாம்பலும் கிடைத்தன. புத்தளம் பொம்பரிப்பில் தாழிகளுக்குள் எலும்புகள். ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோர். எரித்தவர்களும் இருந்தார்கள், புதைத்தவர்களும் இருந்தார்கள். இரு சாராரும் இறந்தவருக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். அவ்வளவு பாரமான கல்லைத் தூக்கியது அதற்காகத்தான்.

இலக்கியமும் இதையே சொல்கிறது. புறநானூறு 256இல் கணவனை இழந்தவள், தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு குயவனைக் கேட்கிறாள். 231இல் அதியமானின் ஈமத்தீயின் முன் ஔவையார் நிற்கிறார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திலோ, எரிப்போர், வெறுமனே இட்டுச் செல்வோர், குழியில் புதைப்போர், தாழியில் கவிப்போர் என்று எல்லோருக்கும் ஒரே வளாகத்தில் இடமுண்டு.

ஆனால் 239ஆம் பாட்டைத்தான் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். பேரெயின் முறுவலார், நம்பி நெடுஞ்செழியன் வாழ்ந்த வாழ்வையெல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டு, இனி அவனைப் புதைத்தாலும் சரி, எரித்தாலும் சரி என்று முடிக்கிறார். 2020இல் ஒரு நண்பர் இதை எனக்கு எடுத்துக்காட்டி, "தமிழ் படிச்ச நீங்களே ஜனாஸாவுக்காக இவ்வளவு கவலைப்படலாமா?" என்று கேட்டார். அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

அந்தப் பாட்டின் பாரம் கடைசி அடியில் இல்லை. அதற்கு முன்னுள்ள அடுக்கில் இருக்கிறது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த ஒருவனைப் பற்றி, அவனை அறிந்த புலவர் சொன்ன சொல் அது. துயரத்துக்குள் நின்று சொன்னது. அதையே வெளியில் நிற்கும் அதிகாரம் சொன்னால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரல் வர்த்தமானி எரித்தலைக் கட்டாயமாக்கியது. பிறந்து இருபது நாளான குழந்தையும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி வந்தது; அதன் பிறகும் ஓட்டமாவடிவரை கொண்டுபோக வேண்டியிருந்தது. "எப்படியானாலும் சரி" என்று சொல்லும் உரிமை உறவுக்கு உண்டு, அரசுக்கு இல்லை.

பதவிகம்பொலக் கல்லை நமதென்று நாம் கோர வேண்டியதில்லை. நமது மார்க்கமும் அதைக் கட்டியோரின் நம்பிக்கையும் வேறு வேறு. ஆனாலும் கபுரின் தலைமாட்டில் மீசான் கல்லை நடும்போது நாம் செய்வது என்னவென்று அந்தக் கல் தெரியும். தேயிலைக்கு அடியில் தாத்தாவைத் தேடும் பிள்ளைக்கும் தெரியும்.