மாடில்லாத மாட்டுக்காரன்: கௌபாய் வேஷமும் தோல் உறையும்

1

எங்கள் பெரியப்பா மகன் ஒருத்தர் டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். சூரமங்கலத்தில் ரயில் சத்தம் கேட்டு வளர்ந்தவர்தான். போன வருஷம் அவர் அனுப்பிய புகைப்படத்தை ஜங்ஷன் பக்கத்து டீக்கடையில் நண்பர்களிடம் காட்டினேன். அகலத் தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, கோட்டுக்குள் கையில்லாத மேல்சட்டை, முழங்கால் வரை தோல் பூட்ஸ், இடுப்பின் இரண்டு பக்கமும் தோல் உறையில் ரிவால்வர். "என்னய்யா, நம்ம ஜெய்சங்கர் கெட்டாரு போ" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். எதற்காகச் சிரித்தோம் என்று பிறகு யோசித்ததில் எழுந்தவைதான் இந்தக் குறிப்புகள்.

அண்ணன் சேர்ந்திருப்பது ஒரு விளையாட்டு. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது. 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பு உருவாகி அதற்கு விதிகள் வகுத்தது. துப்பாக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரன் வைத்திருந்த மாதிரியே இருக்க வேண்டும். அசலாகவும் இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம். மொத்தம் நான்கு: இரண்டு ரிவால்வர், விசைக்குக் கீழே உள்ள வளையத்தை இறக்கி ஏற்றிக் குண்டு போடுகிற ஒரு ரைஃபிள், பக்கம்பக்கமாக இரட்டைக்குழல் வைத்தது போன்ற ஒரு பழைய சாட்கன். ஒவ்வொரு தடவையும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் ரிவால்வர் சுடும். ஆறு குண்டு பிடிக்கும் உருளையில் ஐந்துதான் போடுவார்கள். குதிரை காலி அறைமேல் நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இலக்கு இரும்புத் தகடு. பட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்கும். மொத்த நேரத்தை எண்ணி, தவறவிட்ட ஒவ்வொரு இலக்குக்கும் ஐந்து விநாடி கூட்டுவார்கள். குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயித்தவர்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்ன சொல்வாங்க என்று கேட்டேன். "முதல்ல எதையும் வாங்காத தம்பி. ஒரு நாள் போயி வேடிக்கை பாரு. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு மட்டும் கொண்டு போ. துப்பாக்கிய அவங்களே குடுப்பாங்க, இரவல்தான். அப்புறம் மெதுவா ஒவ்வொண்ணா வாங்கலாம். ஆனா ரெண்டு விஷயம் கட்டாயம். வேஷம் போடணும். பேரு வைக்கணும்."

பேரு என்றால் புனைபெயர். உறுப்பினர் ஒவ்வொருவரும் யாரும் வைத்திராத ஒரு பெயரைத் தானே தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். மைதானத்தில் அந்தப் பெயர்தான் செல்லும். அப்பா வைத்த பெயரும் அலுவலகத்துப் பெயரும் வாசலோடு சரி.

இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. பிறப்போடு ஒட்டி வந்த பெயரைக் கழற்றி வைக்கிற சுதந்திரத்தை ஒரு விளையாட்டு விதியாகவே தருகிறது. இந்தச் சுதந்திரம் யாருக்கு, எதை மறைத்துக்கொண்டு வருகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

2

சீசர் படத்தில் எல்லா நடிகர்களின் நெற்றியிலும் முன்முடி தொங்குவதைப் பற்றி ரொலான் பார்த் எழுதியிருக்கிறார். அந்த முடிக்கற்றையே 'ரோமானியத்தன்மை'யின் குறியாகிவிடுகிறது என்பார். கௌபாய்க்கு அந்த வேலையைத் தொப்பியும் உறையும் செய்கின்றன. அவை இருந்தால் போதும், மாடு வேண்டியதில்லை.

ஆனால் கௌபாய் என்பவன் மாடு ஓட்டின கூலிக்காரன். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு டெக்சாஸிலிருந்து வடக்கே கான்சாஸ் ரயிலடி வரை மந்தைகளை ஓட்டிக்கொண்டு போனவர்கள். அந்தத் தொழிலை அவர்கள் கற்றது மெக்சிக்கோவின் வாக்கேரோக்களிடம். ஸ்பானிய மொழியில் வாக்கா என்றால் பசு, வாக்கேரோ என்றால் மாட்டுக்காரன். அன்றைய கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் ஒப்புகிற மதிப்பீடு. ஊருக்குள் துப்பாக்கி கட்டிக்கொண்டு நடக்க டாட்ஜ் சிட்டி போன்ற ஊர்களில் தடை இருந்தது.

1883இல் டெக்சாஸின் பான்ஹேண்டில் பகுதியில் கௌபாய்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். அதே 1883இல்தான் பஃபலோ பில் தன்னுடைய 'வைல்ட் வெஸ்ட்' காட்சியைத் தொடங்கினார். உழைப்பாளியாகத் தோற்ற வருஷத்தில் அவன் வேஷமாகப் பிறக்கிறான். 1885இல் லகோட்டாக்களின் தலைவர் சிட்டிங் புல்லே அந்தக் காட்சியில் இடம்பெற்றார். ஐந்து வருஷம் கழித்து, 1890 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் வூண்டட் நீயில் லகோட்டா மக்களை ராணுவம் கொன்று குவித்தது.

ஆக, காட்சி நடந்துகொண்டிருந்தபோதே கொலையும் நடந்துகொண்டிருந்தது. வேஷம் வரலாற்றுக்குப் பிறகு வந்த ஞாபகார்த்தம் இல்லை, வரலாற்றோடு கூடவே ஓடிய திரை.

அசல் எது, நகல் எது என்ற கேள்வியும் இங்கே உடைந்துபோகிறது. செர்ஜியோ லியோனி 1964இல் எடுத்த கௌபாய் படம் இத்தாலியப் படம், வெளிப்புறக் காட்சிகள் ஸ்பெயினில் எடுத்தவை. சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக நம் பையன்களுக்கு 'இரவுக் கழுகு' ஆன டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவன். அண்ணன் இடுப்பில் தொங்கும் ரிவால்வரும் இத்தாலியில் செய்த நகல்தான். உபெர்ட்டி, பியெட்டா போன்ற கம்பெனிகள் அங்கிருந்துதான் உலகத்துக்கு அனுப்புகின்றன. அப்படியிருக்க ஜெய்சங்கரை மட்டும் 'போலி கௌபாய்' என்று நாம் சிரிப்பதில் அர்த்தமில்லை. எல்லாரும் போலிதான். வேறு எதற்கோ சிரித்திருக்கிறோம்.

3

சேலத்துக்கும் இந்த வேஷத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கக் கூட்டோடு ஒரு படம் எடுத்தது. தமிழில் 'காடு', ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. இயக்கிய வில்லியம் பெர்க், நடித்த ராட் கேமரன் இருவருமே ஹாலிவுட்டின் மலிவு கௌபாய் படங்களில் ஊறியவர்கள். நிஜக் கௌபாய் நடிகன் இங்கே வந்தபோது அவனுக்குக் கொடுத்த வேலை காட்டில் வேட்டை. அமெரிக்காவில் அவன் எல்லையைத் திறக்கிறவன், இங்கே வந்தால் வெள்ளைக்கார ஷிகாரி. ஒரே உடல், இரண்டு காலனியக் கதை. ஏற்காடு ரோட்டில் இன்று அந்த ஸ்டுடியோவின் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே வீடுகள்.

தமிழின் சொந்தக் கௌபாய் 1970இல் வருகிறான். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'காலம் வெல்லும்', பிறகு 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா'. மூன்றிலும் ஜெய்சங்கர். 1978இல் தேவர் பிலிம்ஸின் 'தாய் மீது சத்தியம்' படத்தில் ரஜினிகாந்த் தொப்பி போட்டார். 2010இல் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' இந்த மரபையே பகடி செய்து, ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயரும் வைத்தது.

இப்படங்களில் குதிரை உண்டு, பழிவாங்கல் உண்டு, புதையல் உண்டு. மாடு மேய்க்கிற வேலையை மட்டும் காணோம். கௌபாய் என்ற சொல்லையும் யாரும் தமிழாக்கவில்லை. ஆக்கினால் 'மாட்டுக்காரப் பையன்' ஆகிவிடும். அந்தச் சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? கணக்குப் போடத் தெரியாத பையனை வாத்தியார் "நீ மாடு மேய்க்கத்தாண்டா லாயக்கு" என்பார். ஆங்கிலத்தில் வீரனாகிறவன் தமிழில் வசவாகிறான். அதனால்தான் மொழிபெயர்க்காமல் விட்டோம்.

'காலம் வெல்லும்' வந்த அதே 1970இல் எம்.ஜி.ஆரின் 'மாட்டுக்கார வேலன்' வெளியானது. அதில் மாடு மேய்க்கிறவனும் வக்கீலும் ஒரே சாயல். மேய்க்கிறவனை வக்கீல் என்று நினைத்து வீட்டுக்குள் விடுகிறார்கள். மாட்டுக்காரன் மேலே வர அவன் மாட்டுக்காரன் இல்லை என்று யாராவது நம்ப வேண்டியிருக்கிறது. ஜெய்சங்கரோ தொடக்கத்திலேயே மாட்டைத் தொலைத்துவிட்டு வருகிறார். ஒரே பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள்.

மாட்டை நேரடியாகப் பேசிய ஒரே பிரதி எனக்குத் தெரிந்து 'குயிக் கன் முருகன்'. சேனல் வி தொலைக்காட்சிக்காக 1994இல் உண்டான பாத்திரம், 2009இல் படமானது. இந்தக் கௌபாய் சைவம். மாமிச தோசை விற்கிற வில்லனோடு மோதுகிறான். கேலிப்படம்தான், தெரியும். ஆனால் கேலிக்குள்ளும் ஒரு சொல்லாடல் ஓடுகிறது. இந்தியாவில் கௌபாய்க்கு மாட்டைத் திருப்பிக் கொடுத்தால் அவன் மேய்க்கிறவனாக ஆவதில்லை, காவலனாக ஆகிவிடுகிறான். மாட்டின் பேரால் தெருவில் மனிதர்களை அடித்துக் கொல்லுகிற காலத்தில் அந்தக் கேலியை முழுசாகச் சிரித்து முடிக்க முடியவில்லை.

4

அடுத்து துப்பாக்கி. நம் எல்லோருக்கும் முதல் துப்பாக்கி தீபாவளித் துப்பாக்கிதான். சுருள் கேப் போட்டு, தூணுக்குப் பின்னால் ஒளிந்து, "செத்துட்டடா நீ" என்று கத்தினது. அதற்குமேல் போக முடியாது. ஆயுதச் சட்டம் 1959இன்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது. "நாலு வேணும்ங்கிறீங்க, இங்க ரெண்டுதான்" என்று அண்ணனிடம் சொன்னேன், சிரித்தார். எனக்கு இந்தக் கட்டுப்பாட்டில் வருத்தமில்லை. எல்லார் கையிலும் துப்பாக்கி இருந்தால் ஊர் என்ன ஆகும் என்பதை அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் சொல்கின்றன.

ஆனால் கட்டுப்பாடு எல்லார்மேலும் ஒரே மாதிரி விழவில்லை. 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணியாக்கியபோது ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமத்திலிருந்து விலக்கு இன்றும் தொடர்கிறது, பண்பாட்டு உரிமை என்ற பெயரில். நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்து இடித்துக் குருவியும் முயலும் சுட்டுப் பிழைத்த நரிக்குறவர்களுக்கு அது பண்பாடாகக் கணக்கிடப்படவில்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் வேட்டை குற்றம் ஆனது. கையில் ஊசியும் பாசியும் மிஞ்சின. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான்.

அண்ணன் மைதானத்தில் ஆசைப்பட்டால் 'சட்டவிரோதி' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேடப்படும் குற்றவாளியாக இருந்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீஸ் போகலாம். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் இதற்கு நேர்த்தலைகீழ். அது பெயரைப் பிறப்பிலேயே ஒட்டியது. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலைப் பாருங்கள்: சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஊர்ப் பெயரோடேயே நிற்கும். சட்டம் 1952இல் நாடு முழுவதும் போய்விட்டது. திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது என்பது நமக்குத் தெரியும். வேஷமாகப் போட்டுக்கொள்கிற குற்றமும் தோலாக ஒட்டிவிட்ட குற்றமும் ஒன்றில்லை.

5

தோல் என்று எழுதியதும் ஒன்று சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஜெய்சங்கர் இறந்தது 2000 ஜூனில். அந்த வருஷம் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு நான் கௌபாய். தொப்பி திருவிழாவில் வாங்கினது. துப்பாக்கி தீபாவளியில் மிஞ்சினது. உறை மட்டும் கிடைக்கவில்லை. ரோட்டோரம் செருப்புத் தைக்கிற ஒரு பெரியவரிடம் அப்பா கூட்டிக்கொண்டு போனார். அவர் என் இடுப்பை ஒரு நூலால் அளந்தார். துப்பாக்கியை வாங்கித் தோல்மேல் வைத்து, உளியால் கோடு கிழித்து, மெழுகு தேய்த்த நூலால் தைத்துக் கொடுத்தார். "கண்ணு, நல்லா சுடு சாமி" என்றார். அவர் வயது எங்கள் தாத்தா வயது. அவர் என்னைச் சாமி என்றார், நான் அவரை என்னவென்றும் கூப்பிடவில்லை. அப்பா அவரை 'வா, போ' என்றுதான் பேசினார்.

எனக்குப் பரிசு கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது: "அந்தத் தோல் சாமானை வெளியவே மாட்டு. உள்ள கொண்டாராத." திண்ணை ஆணியில் மாட்டினேன். ஒரு மழையில் நனைந்து விறைத்துப்போய்க் கடைசியில் எங்கோ போனது. அது எனக்கு அன்றைக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நான் இடைநிலைச் சாதி வீட்டில் பிறந்தவன். படாமல் வளர்வதற்கென்றே அந்த வீடு கட்டப்பட்டிருந்தது.

கௌபாயின் உடம்பில் தோல் இல்லாத இடம் குறைவு. பூட்ஸ், பெல்ட், உறை, சேணம், கையுறை, கால்மேல் கட்டுகிற தோல். மாட்டோடும் தோலோடும் இத்தனை நெருக்கமாக இருக்கிறவனை இந்த மண்ணில் அருந்ததியர் தெருவில்தான் வைத்திருக்கிறோம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அதே தோல் திரையில் வந்தால் கைதட்டுகிறோம். டைட்டிலில் ஆடை என்று ஒரு பெயர் வரும். உறை தைத்தவர் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. மாட்டையும் தோல் தொழிலாளியையும் கழித்துவிட்டு மிச்சத்தை இறக்குமதி செய்ததுதான் தமிழ்க் கௌபாய். டீக்கடையில் நாங்கள் சிரித்த சிரிப்பு அந்தக் கழித்தலுக்கான ரசீது.

போன வாரம் அண்ணன் வீடியோவில் பேசினார். பின்னால் ஹால் சுவர் தெரிந்தது. தாத்தா படத்துக்குப் பக்கத்தில், ஆணியில், பூவேலை செய்த அந்தத் தோல் உறை. "கையால தைச்சது தம்பி, செஞ்சவர் உள்பக்கம் தன் பேர முத்திரையா குத்திருக்கார் பாரு" என்று திருப்பிக் காட்டினார். நானூறு டாலராம்.

எனக்குச் செய்து கொடுத்தவர் பேர் என்ன என்று அப்பாவைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இருபது வருஷத்துக்குமேல் அதே ரோட்டில் அவரிடம்தான் செருப்புத் தைத்திருக்கிறோம்.