தள்ளிக்கொண்டு ஒரு தர்மம்

லண்டனில் சாஃப்ட்வேரில் இருக்கும் அக்கா மகன், ‘லண்டன்-பிரைட்டன் சைக்கிள் சவாரிக்குப் பேர் கொடுக்கட்டுமா மாமா?’ என்று கேட்டிருக்கிறான். 1976-ல் சில டஜன் பேர் ஆரம்பித்த சமாசாரம். இப்போது ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்காக ஆயிரக்கணக்கானோர் கிளாப்பம் காமனிலிருந்து கடற்கரை வரை 54 மைல் மிதிக்கிறார்கள்.

‘மிதிக்கிறார்கள்’ என்பது முழு உண்மையல்ல. கடைசிக் கட்டத்தில் டிட்ச்லிங் பீக்கன் என்று 248 மீட்டர் குன்று. சாலை குறுகல். முன்னால் ஒருத்தர் இறங்கித் தள்ள ஆரம்பித்தால் பின்னால் வருகிற சூரனும் இறங்கவேண்டியதுதான். தேர்க்கூட்டத்தில் சைக்கிளோடு மாட்டிக்கொண்ட கதை. (1994-ல் டூர் டி ஃபிரான்ஸ்காரர்கள் ஏறிய அதே குன்று. அவர்களுக்கு வழிவிட்டிருந்தார்கள்.)

சைக்கிள் சுகம்தான் வேண்டுமென்றால் வேறொரு ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் சும்மாவே போகலாம். தர்மம்தான் என்றால் வீட்டிலிருந்தே செக் அனுப்பலாம். இரண்டு வாதமும் சரி. ஆனால் ஆபீஸ் சகாக்கள் ஐந்தும் பத்துமாகத் தரும் பவுண்டு, இவன் வியர்த்தால்தான் வரும். கொடுப்பவர் வரி கட்டுகிறவர் என்றால் ‘கிஃப்ட் எய்ட்’ மூலம் அரசாங்கம் பவுண்டுக்கு 25 பென்ஸ் சேர்க்கிறது. கட்டணம் மட்டும் கட்டி, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு ஓட்டிவிட்டு வந்தால் அது பிக்னிக்.

பிரிட்டனில் தெற்காசியர்களுக்கு இதயநோய் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். இவன் அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனார். அதை ஸ்பான்ஸர் கடிதத்தில் எழுதமாட்டேன் என்கிறான். எழுதுடா.

பேர் கொடு. முதல் கோஷ்டியோடு கிளம்பு, குன்றில் கூட்டம் சேருமுன் ஏறிவிடலாம். பிரேக்கைச் சரிபார். அன்றைக்கு பிரைட்டன் ரயிலில் வழக்கமாகச் சைக்கிளை ஏற்றவிடுவதில்லை. திரும்பிவர யாரிடமாவது வண்டிக்கு இப்போதே சொல்லிவை.